தண்டவாளத் துண்டு

மதகு ஷட்டரின் திருகுக்குக் கிரீஸ் போட வேப்பங்குச்சிதான் நல்லது. விரலால் போட்டால் பல்லிடுக்கில் ஏறாது. துணியால் போட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். குச்சியின் முனையைக் கொஞ்சம் நசுக்கிக்கொண்டு மேலிருந்து கீழாகப் போட்டு வர வேண்டும். மூன்று வருஷம் நான் அப்படித்தான் போட்டேன். அதனால்தான் அன்றைக்கு அந்த ஷட்டர் ஒற்றை ஆள் கைக்கு அவ்வளவு லேசாக எழும்பியது.

ஐயா, நேற்று ஸ்டேஷனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “கேஸ் முடிஞ்சிருச்சு தம்பி, சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ” என்றீர்கள். பூவம்மாளை வாய்க்கால் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது விபத்து. ஷட்டரைத் திறந்த ஜோஸ்வா மேல் குற்றமில்லை. தண்ணீர் திறக்குமுன் எச்சரிக்கை செய்யும் வழக்கம் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. இப்படி மூன்று வரி வாசித்துக் காட்டினீர்கள். முதல் இரண்டு வரியையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது வரியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே என் கைப்பட இதை எழுதித் தருகிறேன்.

என் பெயர் எல்வின். வயது இருபத்தாறு. பி.ஏ. வரலாறு, தட்டச்சில் ஹையர் பாஸ். இதுவரை நான் பார்த்த வேலை எதற்கும் எனக்கு அடையாள அட்டை கிடையாது. ரேஷன் கார்டு சரிபார்ப்பு நாற்பது நாள், தஞ்சாவூரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் பகல் ஷிஃப்ட், கூரியர் கடையில் தீபாவளிக்கு முன் மூன்று வாரம், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறல். எல்லா இடத்திலும் ‘இப்போதைக்கு’ என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் என் வயதுப் பையன்கள் குவைத், சிங்கப்பூர் என்று ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ மாதக் கடைசியில் பூதலூரிலிருந்து ஊருக்கு பஸ்ஸில் வரவே வழியிருக்காது. நடந்து வருவேன். யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது என்பேன்.

அருள்சாமி என் ஞானத்தகப்பன். கோயிலில் என் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது என்னைக் கையில் ஏந்தி நின்றவர். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். என் அப்பா இறந்தபோது, “பையனுக்கென்ன, அருள்சாமி இருக்காருல்ல” என்று ஊரே அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது. செங்கழனி வாய்க்கால் தலைப்பு மதகில் அவர் லஸ்கர். தண்ணீரைத் திறந்து மூடுகிற நிரந்தர ஆள். தொண்ணூற்றாறில் அவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்தது. லீவு போட்டார். அவர் இடத்தில் தினக்கூலிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“எல்வினு, நீ தண்ணிய மட்டும் பாரு. மஸ்டர் ரோல்ல, அதான் கூலி ரிஜிஸ்டர்ல, உன் பேரு ஏறிக்கிட்டே இருக்கும். நாளு சேந்தா நிரந்தரம். நான் அங்க கால் ஊனினதும் இந்த வேலைய விட்டுடுவேன், அது உனக்குத்தான். ஆபீசுக்கெல்லாம் நீ அலையாத, அமலி பாத்துக்குவா” என்றார்.

அமலி அவர் மனைவி. மாதம் பிறந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன். கூலியைக் கவரில் போட்டுக் கொடுப்பார். “நீ எங்கயும் கையெழுத்துப் போடலியாடா? இலவு காத்த கிளி கதையாப் போயிடப் போவுது” என்று அம்மா ஒருநாள் சொன்னாள். ஞானத்தகப்பனைச் சந்தேகப்படுவது பாவம் என்று நான்தான் அம்மாவை அதட்டினேன். அந்த அதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், எங்கும் எழுதப்படாததால். மதகுக்குப் பக்கத்தில் பூவரச மரக் கிளையில் முழ நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று சங்கிலியில் தொங்கும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் புதுத் தண்ணீர் விடுகிற நாளில், அந்த இரும்பைக் கம்பியால் மூன்று முறை அடிக்க வேண்டும். அடித்துவிட்டு ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஷட்டரின் கைப்பிடியைத் தொடலாம். மேலே தேங்கி நிற்கும் தண்ணீர் ஆள் உயரம். திறந்தால் சுவர்போல் போகும். வாய்க்காலுக்குள் ஆடு மேய்ப்பவர்கள், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் எல்லாம் இரும்புச் சத்தம் கேட்டுக் கரையேறுவார்கள். அருள்சாமி எனக்கு வாயால் சொல்லிக் கொடுத்தது இது. முன்னால் இருந்த லஸ்கர் அவருக்குச் சொன்னது. எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. அதனால் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லி நேரம் பார்த்துக்கொள்வேன்.

மதகுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் ரோட்டுப் பாலம் இருக்கிறது. இரண்டு கண் பாலம். அதன் கண்ணுக்குள் கோடையிலும் குட்டைபோல் தண்ணீர் கிடக்கும். நடவு, களையெடுப்பு இல்லாத மாதங்களில் பூவம்மாள் குனிந்து அதற்குள் நுழைந்து கையால் துழாவி விரால் பிடிப்பாள். உள்ளே இருட்டு. தண்ணீர் வருவது கண்ணுக்குத் தெரியாது. இரும்புச் சத்தம் மட்டும் கேட்கும். என்னை அவள் ‘இரும்புத் தம்பி’ என்று கூப்பிடுவாள். அமலி கவர் கொடுக்கத் தாமதமான மாதங்களில், வாழையிலையில் சுற்றி இரண்டு மீனை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். காசு வாங்கமாட்டாள்.

இந்த வருஷம் பங்குனியில், தினக்கூலிக்காரர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகப் பொதுப்பணித்துறை ஆபீஸுக்குப் போனேன். விஜயலட்சுமி என்ற கிளார்க்கம்மா ரோலைப் புரட்டிப் பார்த்தார். பொறுமையானவர், இரண்டு தடவை புரட்டினார்.

“எல்வினா? அப்படி யாரும் இல்லியே தம்பி. செங்கழனி மதகுல மூணு வருஷமா ஜோஸ்வான்னு ஒருத்தர்தான் வேலை பாக்குறாரு. அவருக்கு ஆர்டர்கூட ரெடியாயிட்டு.”

ஜோஸ்வா அமலியின் தம்பி. மூன்று வருஷமும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன். மாதம் ஒருமுறை வந்து ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் மழையில் நனைந்து கரை காத்த நாள், அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மதகுக்கு ஓடிய நாள், எல்லாம் அவன் பெயரில் ஏறியிருந்தது. உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். கிளார்க்கம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர்மேல் கோபம் காட்டி என்ன பயன்?

ஈஸ்டருக்கு அருள்சாமி ஊருக்கு வந்திருந்தார். போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

“உனக்கு டிகிரி இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவன் எட்டாங்கிளாஸு. அமலி அழுவுறா, நான் என்ன பண்ணட்டும் சொல்லு?” என்றார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கோடாலித் தைல பாட்டிலும் ஒரு டீசர்ட்டும் எடுத்துக் கொடுத்தார். “ஒண்ணு மட்டும் செய்யி. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. புதுத் தண்ணி வர்றதுக்குள்ள வேலையக் கத்துக் குடுத்துடு. உன்ன விட்டா யாரு இருக்கா?”

சரி என்றேன். தைலத்தை அம்மா முட்டிக்குத் தேய்த்துக்கொண்டாள். நல்ல தைலம்தான்.

ஒன்பது நாள் கற்றுக் கொடுத்தேன். ஐயா, நான் எதையும் ஏனோதானோவென்று செய்பவன் இல்லை. திருகு எத்தனை சுற்றினால் ஷட்டர் எவ்வளவு எழும்பும், அளவுக்கல்லை எப்படிப் படிப்பது, கரையில் நண்டு வளையை எப்படி அடைப்பது, எந்த மிராசுதார் முறை தவறித் தண்ணீர் கேட்டு வருவார், அவரிடம் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் எல்லாம் சொன்னேன். ஜோஸ்வா வாய்க்கு வாய் அண்ணே என்பான். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். “அத்தான் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேண்ணே. நீங்க இங்க வேலை பாக்குறது எனக்குத் தெரியாதுண்ணே” என்று ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த நோட்டைத்தான் நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். அதில் இரும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

நான் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு உரிமை இருந்தது என்றே நினைத்தேன். மற்றதெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே. புதுத் தண்ணீரில் நாலு ஆடு போகும், ஊர் திரண்டு வந்து அவனை உண்டு இல்லை என்று பண்ணும், ஆபீஸில் வேலை தெரிந்த ஆளைத் தேடுவார்கள். என் கணக்கு இவ்வளவுதான்.

முழுவதும் எழுத வேண்டும் என்றால், ஏழாம் நாள் அவன் கேட்டான்.

“அண்ணே, இந்த இரும்பு எதுக்குண்ணே தொங்குது?”

“முன்னாடி இந்த மரத்தடியில பள்ளிக்கூடம் நடந்துச்சு. அதோட மணி.”

அவன் அதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாக அவனுக்குப் படவில்லை. அடிக்கிற கம்பியை அன்றைக்கு நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வெளியே கிடந்தால் துரு ஏறிவிடும். இப்போதும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. ஆள் அனுப்பினால் அம்மா எடுத்துக் கொடுப்பாள்.

ஆனி கடைசியில் தண்ணீர் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் திறக்க உத்தரவு. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் மூன்று வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. மதகுக்குப் போகாமல் ரோட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஷட்டர் நன்றாகத் தெரியும். சற்றைக்கெல்லாம் பூவம்மாள் மீன் கூடையோடு வந்தாள். என் வேலை போன விஷயம் அவளுக்குத் தெரியாது. அவமானம் என்று அம்மாவும் நானும் அதை வெளியே சொல்லியிருக்கவில்லை.

“என்னா தம்பி, இங்க உக்காந்திருக்க? தண்ணி இன்னிக்கா?” என்றாள்.

“இரும்பு அடிப்பாங்கள்ல” என்றேன்.

“அதான் நீ இருக்கியே, அப்புறம் எனக்கென்ன” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணுக்குள் இறங்கினாள்.

ஜோஸ்வா நேரம் தவறாதவன். மூன்று மணிக்குக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினான். நான் சொல்லிக் கொடுத்தபடியே, முதுகை வளைக்காமல், நிதானமாகச் சுற்றினான். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் வாய் தன் பழக்கத்தில் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தது. ஏழாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பாலத்துக்கு வந்துவிட்டது. என் காலடியில்தான் அவள் இருந்தாள். உள்ளே அவள் ஏதோ பழைய நடவுப் பாட்டை முனகிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நான் சாதாரணமாகப் பேசினாலே அவளுக்குக் கேட்டிருக்கும். அந்தக் கண்ணிலிருந்து கரையேற இரண்டு மரியே போதும்.

நான் குரல் கொடுக்கவில்லை. சாயங்காலம் கீழ் மதகில் அவள் உடலை எடுத்தார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். கூடை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. ஊர் அழுதது, இரும்புச் சத்தம் கேட்கவில்லை என்றது, ஆபீஸிலிருந்து வந்தார்கள், அப்படி விதி எதுவும் எழுத்தில் இல்லை என்றார்கள், நீங்கள் வந்தீர்கள், ஜோஸ்வா நோட்டைக் காட்டினான். அப்படி வழக்கம் இல்லை என்று எழுதினீர்கள். அடுத்த திங்கட்கிழமை அவன் திரும்ப வேலையில் சேர்கிறான். அருள்சாமி போனில் அவனுக்குத் தைரியம் சொன்னாராம். எனக்கும் சொல்லி அனுப்பினார்: ‘எல்வின் நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான், அவன் மேல குத்தமில்ல.’

வழக்கம் இருந்தது ஐயா. மூன்று புதுத் தண்ணீர் நான் திறந்தேன். மூன்றிலும் ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை. அந்த வேலையைப் பார்த்தவன் நான். எந்த ரோலிலும் என் பெயர் இல்லை. ஜோஸ்வா பெயரில் ஏறியது ஏறியதுதான், திருத்த முடியாது என்று கிளார்க்கம்மா சொல்லிவிட்டார். பூவம்மாளின் சாவையும் அவன் பெயரில் விபத்து என்று எழுதி முடிக்காதீர்கள். அது என் வேலை. வேண்டுமென்றே, தெரிந்தே, பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்தது. இதற்காவது என் பெயரைப் போடுங்கள். கீழே இனிஷியலோடு முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு வார்த்தையை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்ததும் துரோகம் என்று எழுதத் தோன்றும். துரோகம் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதை யாருக்கும் செய்யவில்லை. பூவம்மாள் நம்பியது இரும்பைத்தான்.