கறுத்த ஞானஸ்நான அங்கிகள்

ஆம், படத்தைத் தொட்டது நான்தான். கடுகளவு இடம். காவல் ஆய்வாளர் அனுமதித்த பிறகு.

என் பெயர் சுப்ரஜா. வயது 28. திருநெல்வேலி டவுண், தெற்கு ரத வீதியில் குடியிருக்கிறேன். தாளில் உள்ள பழைய ஓவியங்கள் எதைக் கொண்டு, எப்படி வரையப்பட்டவை என்று சோதிப்பது என் தொழில்.

சேரன்மகாதேவி அருகே ஓர் ஆலயத்தில், தாமிரபரணியில் ஞானஸ்நானம் பெறும் பெண்களை நீர்வண்ணத்தில் வரைந்த பழைய ஓவியம் ஒன்று இருந்தது. ஆலயப் பணியாளர் ஞானையா அதைத் திருடிவிட்டு அச்சுப்படம் ஒன்றை வைத்துவிட்டதாகச் சபையார் புகார் கொடுத்திருந்தார்கள். சோதிக்க என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். படத்தில் பெண்களின் அங்கிகள் கறுப்பாக இருந்தன. சபைச் செயலாளர் ஜெபஸ்டின், "வெள்ள அங்கி வே. ஒரு வாரத்துல கறுத்துருமா? கரிச்சட்டியா அது?" என்றார். ஞானையா தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சுண்ணாம்புத் துளிகள் காய்ந்திருந்தன.

அதன் பிறகு உருப்பெருக்கியால் பார்த்தேன். அச்சின் புள்ளிகள் இல்லை. தூரிகைத் தடம். அடியில் பென்சில் கோடு. சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் ஓர் அங்கியின் விளிம்பு வெள்ளையாகவே இருந்தது.

அதன் பிறகு படம் எங்கே இருந்தது என்று ஞானையாவிடம் கேட்டேன். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு ஆலயத்தை வெள்ளையடித்தபோது கண்ணாடி உடைந்துவிட்டதால் இன்வெர்ட்டர் அறையில் வைத்ததாகச் சொன்னார். "அங்கன முட்ட அழுகுன வாட கெடந்துச்சும்மா. எலி செத்துக் கெடக்குன்னு மூல மூலயாத் தேடுனேன்."

பழுதான பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு வரும் வாயு, பழைய ஓவியங்களின் வெள்ளை வண்ணமான ஈய வெள்ளையைக் கறுப்பாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு அதை வெளுக்க வைக்கும். அச்சு மை வெளுக்காது. வெளுக்காவிட்டால் அன்று மாலை ஞானையாவை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதாக இருந்தது.

எல்லோரும் பார்க்க, கரையோரம் நின்ற பெண்ணின் தோளில் நுண்தூரிகையால் ஒரு துளி வைத்தேன். காத்திருந்தோம். தோள் வெளுத்தது.

ஜெபஸ்டின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அதன் பிறகு, "ஏலே ஞானையா, தரையில ஏம்லே இருக்க? எந்திரி" என்றார்.

படம் அசல். மாற்றப்படவில்லை. ஆனால் இப்போது தெரிவது பழைய வெள்ளை அல்ல, வேறொரு வெள்ளை. ஈயம் முன்பிருந்த நிலைக்குத் திரும்பாது. இதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை நான் கண்டதும் செய்ததும். எழுத்தர் வாசித்துக்காட்டக் கேட்டேன். உண்மை.

(ஒப்பம்) சுப்ரஜா

ஒப்பமிட்ட பின்: நிலையத்தின் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த படத்தை வேறு அறைக்கு மாற்றக் கேட்டேன். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைத் தொட ஞானையா தயங்கினார். எழுத்தர், "பிடியும் வே" என்றார். இருவரும் தூக்கிச் சென்றோம்.