மார்புத் தகட்டை எடுத்தது யார் என்பது குறித்து ஊலாமிலா சொன்னது

பெயர்: ஆந்தி ஊலாமிலா. வயது: 57. தகப்பனார்: காலஞ்சென்ற ராத்து செமேசா. கைம்பெண். இருப்பிடம்: தலைவர் வீடு, நைராவி கிராமம், நைராவி தீவு, லோமாய்வித்தி, ஃபிஜி. விசாரித்துப் பதிவு செய்த இடம்: துறைமுகக் காவல் நிலையம். உடனிருந்தவர்: பெண் காவலர் லோசானா.

நான் மேற்கண்ட வீட்டில் என் கணவர் இறந்த பிறகு வசித்து வருகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்தும் அனுப்பவில்லை. இன்று காலை படகுத்துறையில் கைது செய்யப்பட்ட ராத்து வைசாக்கே என் தம்பி, ஒரே தகப்பன், வேறு தாய். புகார் கொடுத்த ராத்து இசிமேலி, காலமான என் அண்ணன் ராத்து நேமானியின் மகன். அண்ணன்தான் எங்கள் தீவின் தலைவராக இருந்தார். ராத்து என்பது எங்கள் குடும்பத்து ஆண்களுக்கும், ஆந்தி என்பது பெண்களுக்கும் உள்ள பட்டம்.

அண்ணன் இறந்தபோது உடலைக் குளிப்பாட்டியவள் நான். அதன் பிறகு நூறாவது இரவு கழியும் வரை அவருடைய பொருள்களைக் காவல் காத்ததும் நான்தான். அதில் முக்கியமானது தலைவர் அணியும் மார்புத் தகடு. நாங்கள் திவாவோனோவோனோ என்போம். நடுவில் கருஞ்சிப்பி, சுற்றிலும் திமிங்கிலப் பல்லை அறுத்து இழைத்த தகடுகள். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. அதை யார் கழுத்தில் கட்டி யங்கோனா என்ற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறார்களோ அவர்தான் தலைவர். மரப்பட்டைத் துணியில் சுற்றி என் கட்டில் அருகே பெட்டியில் வைத்திருந்தேன். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. எங்கள் ஊரில் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது.

அடுத்த தலைவர் யார் என்பதில் ஊர் இரண்டாகிவிட்டது. அண்ணன் மகனுக்குத்தான் என்று ஒரு பாதி, அண்ணனுக்குப் பின் தம்பிதான் என்று மறுபாதி. சனிக்கிழமை கூட்ட வீட்டில் யங்கோனா குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு முற்றி, கரும்பு வெட்டும் கத்திகள் வெளியே வந்தன. இசிமேலி பக்கத்துப் பையன் ஒருவனுக்கு முழங்கையில் எலும்பு தெரிய வெட்டு விழுந்தது. வெட்டியது யார் என்று நான் பார்க்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டேன். அந்தப் பையன் அழவில்லை, கத்தியைத் திருப்பிக் கொடு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு கமினியேலி வந்தான். இவன் என் தாய்மாமன் மகன், என் தம்பியின் படகை ஓட்டுபவன். முறைக்காரன் என்பதால் என்னிடம் எப்போதும் கேலியாகத்தான் பேசுவான். அன்று கேலி இல்லாமல் வாசலிலேயே உட்கார்ந்தான்.

"மதினி, உன் தம்பி சொல்லி அனுப்பிச்சாரு. செவ்வாய்க்கெழம காலையில வந்து பெட்டிய எடுத்துக்குவாராம்."

என் தம்பி நேரில் வந்து என்னிடம் சொல்ல முடியாது. எங்கள் தீவில் வயதுக்கு வந்த உடன்பிறந்த ஆணும் பெண்ணும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நாங்களும் பேசி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு நான் சமைத்திருக்கிறேன், அவர் என் கணவருக்குக் குழி வெட்டியிருக்கிறார், ஒரு வார்த்தை பேசியதில்லை.

கமினியேலி போன பிறகு இசிமேலி வந்தான்.

"அத்தை, நாளைக்கு மத்தியானம் நாங்க வந்து எடுத்துருவோம். நீங்க நடுவுல நிக்காதீங்க."

"சித்தப்பாகிட்ட ஒரு வார்த்த பேசுடா" என்றேன்.

"பேசுறதெல்லாம் சனிக்கெழமையோட முடிஞ்சு போச்சு. குறுக்க யாரு வந்தாலும் வெட்டுவேன். சித்தப்பாவா இருந்தாலும் சரி."

இதைச் சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை எடுத்து நின்றபடியே தின்றுவிட்டுப் போனான். சின்ன வயதிலும் அப்படித்தான் தின்பான்.

திங்கட்கிழமை விடிந்ததும் என் தம்பியின் படகு, அவர் தலைவராகும் செவ்வாய்க்கிழமை விருந்துக்கு அரிசியும் டின் மீனும் வாங்க இந்தத் துறைமுகத்துக்குப் புறப்படுவதாகத் தெரிந்தது. தீவில் ஓடும் நிலையில் இருக்கும் படகு அது ஒன்றுதான். ஆகவே இருவர் கைக்கும் கிடைக்காமல் தீவை விட்டே கொண்டுபோய்விட வேண்டும் என்று நான் பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்தேன். பையில் வைத்தால் பார்த்துவிடுவார்கள் என்று அதை என் மார்பில் கட்டினேன். அதன் மேல் ஒரு துணியை இறுக்கிச் சுற்றி, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புச் சட்டையைப் போட்டு, சால்வையும் போர்த்திக்கொண்டேன். நான் பருத்த உடம்புக்காரி, வெளியே தெரியவில்லை. எங்கள் தீவில் அதை அணிந்த பெண் கிடையாது. தகுதியில்லாதவர் அணிந்தால் தொண்டை வீங்கிச் சாவார்கள் என்பார்கள். முதலில் ஈரக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. அதன் பிறகு என் உடம்புச் சூடு ஏறிவிட்டது. எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டேன்.

கடற்கரையில் கமினியேலியிடம், இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, நானும் வருகிறேன் என்றேன். படகில் என் தம்பியும், கமினியேலியும், தம்பி பக்கத்து ஆட்கள் இருவரும் இருந்தார்கள். தம்பி முன்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பின்னால் இயந்திரத்துக்கு அருகே உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து பவளப்பாறையின் வாய் வரைக்கும்தான் தொலைபேசி எடுக்கும். அங்கே கமினியேலியின் தொலைபேசி ஒலித்தது. பேசிவிட்டு அவன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான்.

"ராத்து, நம்ம படகு கெளம்புனதப் பாத்துட்டு இசிமேலி அப்பவே போய்ப் பெட்டியத் தொறந்தானாம், காலியா கெடக்குதாம். நீங்கதான் தூக்கிட்டுப் போறீங்கன்னு இசிமேலி போலீசுக்கே சொல்லிட்டானாம். ஊர்ல நம்ம வீட்டுக்குக் கல்லு விழுதாம்."

என் தம்பி, படகில் இருக்கும் பைகளைப் பார் என்றார். எல்லாப் பைகளையும் கொட்டினார்கள். என் பையையும் கொட்டினார்கள். பிஸ்கட் டின், மாற்றுத்துணி, மாத்திரை அட்டை கிடந்தன. அட்டையில் மாத்திரை பாதிக்கு மேல் இருந்தது. கமினியேலி அதை எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு பைக்குள்ளேயே போட்டுவிட்டான்.

"மதினி, மாத்திரய மறந்துட்டு வெறும் அட்டையத்தான் எடுத்துட்டு வந்திருக்கே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவன் பொய் சொன்னான் என்பது எனக்குத் தெரியும்.

பாறையைத் தாண்டியதும் தென்கிழக்கிலிருந்து காற்று ஏறி அலை பெரிதாகிவிட்டது. படகுக்குள் தண்ணீர் வந்தது. எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும் என்று கமினியேலி கத்தினான். நான் வேண்டாம் என்றேன்.

"வேண்டாம்னா? நீ விழுந்தா உன்னத் தூக்க இந்தப் படகுல எவனுக்குத் தெம்பிருக்கு? போடு மதினி!"

அவனே என் தலை வழியாக மாட்டினான். முன்பக்கப் பட்டைகள் இரண்டும் சேரவில்லை. அவன் இழுத்தபோது கொக்கி தகட்டில் பட்டு, பீங்கானில் கரண்டி பட்டதுபோல் சத்தம் கேட்டது. இயந்திரச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. கமினியேலி பட்டையை விட்டுவிட்டான்.

இரண்டு ஆட்களில் இளையவன் எழுந்து என் பக்கம் வந்தான். என் தம்பி திரும்பாமலே, "உக்காருடா" என்றார். அவன் இன்னும் ஓர் எட்டு வைத்தான். "அவங்க மேல கை பட்டுச்சுன்னா உன்னத் தூக்கித் தண்ணியில போட்டுருவேன்" என்றார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு என் தம்பி என்னிடம் பேசினார். முகத்தைக் கடலுக்குக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

"அக்கா, படகு கவுந்தா அது உன்ன அடியில இழுத்துரும். கழட்டிக் குடு."

சிறுவனாக இருந்தபோது அவர் குரல் எனக்குத் தெரியும். இது வேறு குரல், எங்கள் தகப்பனார் குரல். பதில் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பேசினேன்.

"கழட்ட மாட்டேன். உனக்கும் கெடையாது, அவனுக்கும் கெடையாது. வேணும்னா என்னோட சேத்து முங்கட்டும்."

என்னைத் தொட்டுப் பறிக்க அந்தப் படகில் என் தம்பியைத் தவிர யாருக்கும் அதிகாரம் இல்லை. அவரோ முறைப்படி என் நிழலைக்கூட மிதிக்கக் கூடாதவர். ஆனாலும் பேசக் கூடாதவர் பேசிவிட்டாரே, இனி எதுவும் நடக்கும் என்று இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஓர் அலை அடித்து, நான் இயந்திரப் பெட்டியின் மேல் மார்பு படும்படி விழுந்தேன். படகு நிமிர்ந்ததும், தண்ணீரை இறைக்கச் சொல்லிவிட்டு, என் தம்பி தன் மிதவைச் சட்டையைக் கழற்றினார். அது பெரிய அளவு. அதைக் கமினியேலியிடம் கொடுத்து, "அவங்களுக்கு இது சேரும்" என்றார். அதன் பட்டைகள் எனக்குச் சேர்ந்தன. என்னிடமிருந்து கழற்றிய மிதவைச் சட்டை அவருக்குப் போதவில்லை. துறைமுகம் வரை அவர் மிதவை இல்லாமல் படகின் முனையில் உட்கார்ந்து வந்தார். அவருக்கு நீச்சல் தெரியும், ஆனால் அந்தக் கடலில் அது எதற்கும் உதவாது. துறைக்கு வரும் வரை நான் அவருடைய முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறையில் காவலர்கள் நின்றார்கள். பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு அவர் கையில் விலங்கு மாட்டினார்கள். தகடு எங்கே என்று கேட்டார்கள். அவருக்கு மூன்றடி தூரத்தில் நான் நின்றேன். அவர் விரலை நீட்டினால் போதும். அவர், "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று மட்டும் சொன்னார். படகில் இருந்த மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்தான் எடுத்தேன் என்று நான் சொன்னேன். அழுகிற சொந்தக்காரி என்று நினைத்து, அம்மா, தள்ளி நில்லுங்கள் என்றார் ஒரு காவலர். கூட்டத்தில் சட்டையைத் திறந்து காட்ட என்னால் முடியவில்லை. ஆகவே அவர்கள் பின்னாலேயே நடந்து இந்த நிலையத்துக்கு வந்து, பெண் காவலர் வேண்டும் என்று கேட்டேன்.

அதன் பிறகு உள் அறையில் லோசானா முன்னிலையில் தகட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். மேல்வரிசையில், இடது பக்கத்துப் பல் தகடு ஒன்றில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. இது புதிய விரிசல். நான் விழுந்தபோது ஏற்பட்டது. இதற்கு என் தம்பியோ படகில் இருந்த வேறு யாருமோ காரணம் அல்ல. எடுத்தவள் நான், அணிந்தவள் நான், உடைத்தவளும் நான். எடுக்கப்போவதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

இந்த நிலையத்து சார்ஜென்ட் என் முன்னிலையில் இசிமேலியைத் தொலைபேசியில் அழைத்துத் தகவல் சொன்னார். அவன் என்னிடம் பேச வேண்டும் என்றான்.

"நீங்களா அத்தை? சித்தப்பா இல்லையா?"

"நான்தான்."

"சித்தப்பா வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டுட்டோமே" என்றான். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அதை நான் சார்ஜென்டிடம் சொன்னேன். என் தம்பியின் கை விலங்கைக் கழற்றியபோது அவரிடமும் அது சொல்லப்பட்டது. அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கமினியேலியைக் கூப்பிட்டு, அரிசி வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு நைராவிக்குப் போய் இசிமேலியைக் கூட்டிக்கொண்டு வா என்றார். காற்று தணியட்டும் என்று கமினியேலி சொன்னான். தணிந்ததும் போ என்றார்.

தகட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று சார்ஜென்ட் என்னைக் கேட்டார். இப்போதைக்கு இந்த நிலையத்திலேயே இருக்கட்டும். அவர்கள் இருவரும் இதே மேசைக்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்து, யாருக்கு என்று ஒரே வாயாகச் சொன்னால் கொடுங்கள். ஒருவர் மட்டும் வந்து கேட்டால் கொடுக்க வேண்டாம். எனக்கு யார் மீதும் புகார் இல்லை. என் மீது வழக்குப் போட்டால் நான் மறுக்க மாட்டேன்.

நான் சொன்னதை எழுதி, எங்கள் மொழியில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னதுதான் இதில் இருக்கிறது. கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை, அத்தனையும் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆந்தி ஊலாமிலா