எண்ணாமல் வைத்த சீட்டு

— ஏணிச் சின்னத்துக்கு இருநூத்திப் பன்னெண்டு ஓட்டு. கடிகாரம் இருநூத்திப் பன்னெண்டு. ஏஜெண்ட் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. சரிதானே?

— சரிதான் சார். கண்ணு பூத்துப்போச்சு. மாப்ளே, உங்க ஏணிக்காரங்க அந்தத் துள்ளு துள்ளுனாங்களே, சமமா வந்து நிக்குது பாரு.

— உனக்கென்ன மாமா, கடிகாரம் தோத்தாதான் வம்பு. மேஸ்திரி உங்க ரூமைப் பூட்டிடுவாராம், அக்கா சொல்லிச்சு. அதுக்குத்தானே முதுகு வலியோட அந்தாளுக்கு ஏஜெண்டா உக்காந்திருக்கே?

— வாடகையில்லாத ரூமுடா. நீ கொடுப்பியா?

— ரூம் கொடுக்க முடியாது. எங்க ஆள் சங்கத் தலைவரானா நூறு கிலோ மூட்டை அம்பதாகும்.

— சண்டையை வெளியில வெச்சுக்குங்க. தனியா எடுத்து வெச்சேனே, அந்தச் சீட்டு பாக்கியிருக்கு.

— அதுல என்ன சார் கோளாறு?

— முத்திரை ஏணி மேல சுத்தமா விழுந்திருக்கு. ஆனா அடியில போட்டவர் தன் பேரை எழுதியிருக்கார். உங்க சங்க விதிப்படி, ஏஜெண்ட் ரெண்டு பேருக்கும் ஆட்சேபம் இல்லைன்னா எண்ணலாம். ஒருத்தர் வேணாம்னாலும் செல்லாது. அப்புறம் குலுக்கல்தான்.

— எனக்கு ஆட்சேபம் இல்லை சார். எண்ணுங்க.

— எனக்கு இருக்கு. எந்த மடையன் சார் ஓட்டுச் சீட்டுல பேரெழுதுவான்?

— நான் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. நீங்களே பாருங்க.

— கொடுங்க.

— என்ன மாமா, இன்னுமா எழுத்துக் கூட்டுறே? இப்படிக் கொடு. நான் படிக்கிறேன்.

— இரு மாப்ளே.

— கொடுன்னா... மாமா. இது உன் பேரு.

— மெதுவாப் பேசு.

— உன் கையெழுத்தேதான்.

— காலையிலேருந்து பெட்டியில கையெழுத்துப் போடு, சீல்ல போடு, பாரத்துல போடுன்னாங்க. நீட்டின காகிதத்துல எல்லாம் போட்டேன். நடுவுல என் ஓட்டைப் போடப் போனேன். கை தானா எழுதிடுச்சு போல. நாப்பது வயசுல எழுதக் கத்துக்கிட்டதுக்குக் கூலி.

— அதை விடு. ஏணியில குத்தியிருக்கே?

— முதுகு என்னுதுடா. மேஸ்திரியோடதில்ல.

— அங்க என்ன குசுகுசுப்பு? பாரத்தை நிரப்பணும் எனக்கு.

— சார், எனக்கும் ஆட்சேபம் இருக்கு. செல்லாதுன்னு எழுதிடுங்க.

— இப்பத்தானே எண்ணச் சொன்னீங்க?

— தெரியாமச் சொல்லிட்டேன். மாமா, எண்ணுன சீட்டுக் கட்டு மட்டும்தான் நாளைக்கு சங்க ஆபீசுக்குப் போகும். மேஸ்திரி ஒவ்வொரு சீட்டாப் புரட்டுவார். குலுக்கல்ல பார்த்துக்கலாம், விடு.

— குலுக்கல்ல உங்க ஆள் வரலைன்னா?

— இன்னும் மூணு வருஷம் தூக்குவோம்.

— நான் ராத்திரியில புரண்டு படுக்க உங்க அக்கா கை கொடுக்கணும். அதைப் பார்த்துட்டுமா மூணு வருஷங்கிறே?

— ரெண்டு பேருக்கும் ஆட்சேபம்னு எழுதிக்கிறேன்.

— எழுதாதீங்க சார். ரெண்டு பேரும் வாபஸ். மாப்ளே, தலையாட்டு.

— மாமா, அக்காவையும் பிள்ளைங்களையும் தெருவுல நிறுத்திடுவார்.

— ஒரு அடுப்பு, ரெண்டு பெட்டி, கொஞ்சம் பாத்திரம். நீயும் வந்தா ஒரே நடையில தூக்கிடலாம். எண்ணுங்க சார்.