இரண்டு மணிக்குள் ஒரு மீன்

உறைந்த ஏரியின் பனி மேல் வண்டி ஓட்டும்போது பதினைந்து மைலைத் தாண்டக் கூடாது. அன்று நான் பதினான்கில்தான் போனேன், மேடம். மணி ஒன்று இருபத்தாறு. பிக்கப் வண்டியின் பின்னால் மீன் கிடந்தது. வால் மட்டும் கதவைத் தாண்டி வெளியே தொங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகரத்தில் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு மணிக்கு மீன் பதிவு நிலையத்தை மூடிவிடுவார்கள். மூடிய பிறகு கொண்டுபோனால் அது கள்ள மீன். வேறு எவனாவது இருந்தால் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்திருப்பான். நான் மிதிக்கவில்லை. பக்கத்து மீன்பிடிக் கொட்டகை எல்மர், நான் பேய் மாதிரி பறந்ததாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே? அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

விபத்து என்று எழுதி நீங்கள் மூடிவைத்த அந்தப் போலீஸ் தாளில் இப்படிச் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கின்றன. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். நேற்று மார்வின் தன் மதுக்கடைச் சுவரில் இந்த வருஷத்துப் பெரிய மீன் பலகையை மாட்டினான். அதற்கப்புறம் பொறுக்க முடியவில்லை. 'வெர்லின் – கர்ட்' என்று என்னையும் என் மச்சானையும் சேர்த்து எழுதி, கர்ட் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவையும் போட்டிருக்கிறான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள். வின்னபேகோ ஏரியில் ஒரு ஸ்டர்ஜன் மீனில் கட்ட ஒரு அனுமதிச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பெயர். இது நான் போட்ட சட்டமில்லை.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது. முப்பத்தோரு வருஷம் ஒரு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பிப்ரவரியில் பனியை அறுத்து, மேலே கொட்டகையை நிறுத்தி, ஜன்னலை எல்லாம் மூடிவிட்டால் உள்ளே கும்மிருட்டு. தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிவிடும். பதினைந்து அடிக்குக் கீழே வெள்ளைக் குழாய்த் துண்டுகளைப் போட்டுவைத்திருப்போம். மீன் அதன் மேல் போனால் கறுப்பாகத் தெரியும். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை, கையெட்டும் தூரத்தில் ஈட்டியைத் தொங்கவிட்டு, பார்க்க வேண்டியதுதான். அவ்வளவு வருஷத்தில் நான் ஒருமுறைகூட எறிந்ததில்லை. என் ஓட்டைக்குக் கீழே ஒன்றும் வந்ததில்லை. மார்வின் கடையில் எனக்கு 'ஓட்டை வெர்லின்' என்று பெயர். வேடிக்கைக்குச் சொல்வார்கள். நான் தப்பாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

இந்த வருஷம் கர்ட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி அர்லிஸின் தம்பி. மில்வாக்கியில் குளிர்பெட்டி ரிப்பேர் செய்பவன். நல்ல பையன்; வாய்தான் ஓயாது. அர்லிஸ்தான் அனுப்பினாள். என் கண்ணின் விழித்திரை கெட்டுக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு புகை வட்டம். அடுத்த வருஷம் ஏரியின் அடித்தரையே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாள் ரேடியோவில், பிடிக்க அனுமதித்த எண்ணிக்கை முடியப்போகிறது, நாளை ஒரு மணியோடு சீசன் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அன்றுதான் எனக்குக் கடைசி நாள். அதில் பரபரப்பாக ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கர்ட் மெதுவாக என் முழங்காலைத் தொட்டான்.

"அத்தான், வந்துடுச்சு."

"எங்கடா?"

"உன் கண்ணுக்கு நேரா! மரக்கட்டை மாதிரி நிக்குது பாரு. எறி."

பார்த்தேன். பச்சையாக இருந்தது.

"எறியேன் மனுஷா! போயிடப் போகுது!"

அதற்குப் பிறகு அவனே ஈட்டியை எடுத்து எறிந்தான். உங்கள் தாளில் 'வெர்லின் குத்தினார்' என்று இருக்கிறது. அதையும் திருத்த வேண்டும். உண்மை உண்மைதானே. ஈட்டிக் கயிற்றை அவன் பிடித்தான், நான் கொக்கியைப் போட்டேன். இரண்டு பேருமாக இழுத்து வெளியே போட்டபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. சட்டப்படி நேரத்துக்குள்தான்.

ஒன்று இருபத்தொன்பதுக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்றிருந்த மார்வின் முதலில் வாலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"யாரு, நம்ம ஓட்டையா? எந்தக் கடையில வாங்கினப்பா?"

"பொட்டலம் கட்டிக் குடுத்தாங்களா, இல்ல அப்படியே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று இன்னொருவன்.

தராசில் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நூற்று அறுபத்தோரு பவுண்டு. பதிவு மேஜையில் இருந்த லோரா எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயா, நீங்கதானே குத்தினது?" என்று கேட்டாள். "சீட்டுல என் பேருதாம்மா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. பொய் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

"உன் மச்சான் எங்கய்யா? அவனைக் காணோமே?" என்றான் மார்வின்.

"கொட்டகையிலதான் இருக்கான்."

"இந்த நேரத்துல அங்க என்ன பண்றான்? வரவேண்டியதுதானே?"

"குளிருதுன்னான்."

"பட்டணத்துப் பையன்ல" என்று சொல்லிவிட்டு மார்வின் எனக்கு ஒரு பிராந்தி ஊற்றினான். அதுவும் உண்மைதான், மேடம். கர்ட் அப்படித்தான் சொன்னான். நான்கைந்து முறை சொன்னான்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாகச் சொல்கிறேன்.

நான் கிளம்பிய பிறகு அவன் தனியாக இருந்தபோது ஓட்டைக்குள் வழுக்கி விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவன் விழுந்தது ஒன்று ஒன்பதுக்கு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தள்ளவில்லை, அதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். மீன் வழவழப்பு, தண்ணீர், புது பூட்ஸ். எதிர்ப்பக்கம் போகிறேன் என்று காலை எட்டி வைத்தான். முழங்கை இரண்டையும் பனி விளிம்பில் ஊன்றி, மார்பு வரை தண்ணீரில் தொங்கினான். முதலில் சிரித்தான்கூட.

"கை குடு அத்தான். ஐயோ, உயிர் போகுது."

"இருடா. சீட்டைக் கட்டிட்டு வர்றேன்."

மீனைப் பிடித்த இடத்திலேயே உடனே சீட்டைக் கட்ட வேண்டும். கட்டாமல் நகர்த்தினால் அபராதம். என் கண்ணுக்கு அந்தச் சின்னத் துளையில் நூல் கோப்பது லேசான வேலையில்லை. நான்கு நிமிஷம் பிடித்தது.

"விளையாடாத அத்தான். அப்புறம் கட்டிக்கலாம். குளிருது."

விரல் ஏற்கெனவே நீலமாகியிருந்தது. பனி வழுக்குமே தவிர பிடி கொடுக்காது. நீருக்குள் விழுந்தால் பனியில் குத்தி ஏறிவர ஆணி இரண்டு சுவரில் மாட்டியிருக்கும். தடுக்கி யாருக்காவது குத்திவிடப் போகிறதே என்று அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மீனைத் தனியாக இழுத்து வண்டியில் ஏற்றுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. திரும்பி வந்து பார்த்தேன். இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அர்லிஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரேடியோவில் ஏதோ போல்கா நடனப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாக வைத்தேன். காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்பதால் வெளியே கொண்டி போட்டேன். நீங்கள் வந்தபோது திறந்திருந்தது என்றால், மூன்று ஐம்பதுக்கு நான்தான் போய்த் திறந்தேன். திறந்த பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

இப்போது நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. குத்தியது கர்ட் என்பது வெளியே தெரிந்துவிடும், ஊர் சிரிக்கும் என்று பயந்து செய்தேனா? இல்லை, மேடம். அப்படி எழுதினால் அது பெரிய பிழையாகிவிடும். அவன் உயிரோடு வந்திருந்தாலும் பதிவு என் பெயரில்தான் ஆகியிருக்கும்.

மீனை வெளியே போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கர்ட் தன் பையிலிருந்து அவனுடைய சீட்டை எடுத்தான். பார்த்தான். திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு என் தோளில் கைபோட்டான்.

"உன் சீட்டையே கட்டு அத்தான். நீ குத்தினதாவே இருக்கட்டும். முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருக்க, பாவம். செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பாவம் என்றான். சொல்லிவிட்டுத்தான், எனக்கு இடம் விடுவதற்காக எழுந்து எதிர்ப்பக்கம் போகக் காலை எட்டி வைத்தான்.

அடுத்தவன் பிடித்த ஸ்டர்ஜனை வாங்கித் தன் பெயரில் பதிவு செய்வது சட்டப்படி குற்றம். அது தெரிந்த இன்னொரு ஆள் மில்வாக்கியில் நடமாடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கண்ணால் சிரித்துக்கொண்டிருக்க, நான் ஒழுங்கானவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? மற்றபடி எனக்கு அவன் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.