பவித்ரனின் இடது முழங்கால்

சிம்பாங் பூலாயில் காலையிலேயே மழை, சாலை முழுக்க நெரிசல். பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் மிஸ் தக்ஷாயினி. கிளப் ஒரு வக்கீலை வைத்து விசாரிக்கிறது என்றதும் யாரோ என்னவோ என்றிருந்தேன். நீங்களும் நம் சிலோன் தமிழ் ஆள் என்று தெரிந்தபோது நிம்மதியாகிவிட்டது. உங்களிடம் நிதானமாகப் பேசலாம்.

ஈப்போவில் இந்தக் கூடைப்பந்து கிளப்புக்கு நான் பன்னிரண்டு வருஷமாக உதவிப் பயிற்சியாளன். ஆட்டக்காரர்களின் உடம்பைக் கவனிப்பதும் என் வேலைதான். சீசன் தொடங்குமுன் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தலைவர் தர்மேந்திரனிடம் கொடுப்பேன். என்ன பலம், என்ன பலவீனம், இந்த சீசனில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று. 'ரஜீவ் எழுதினால் அப்படியே நடக்கும்' என்று பெயர். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பவித்ரன் எங்கள் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆள். வயது இருபத்துநாலு. சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். சீனப் பள்ளியில் படித்ததால் மாண்டரின் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. வந்த மூன்றாம் மாதமே சீனப் பையன்களெல்லாம் அவனைச் சுற்றி உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் இன்றைக்கும் அங்கே என் ஆங்கிலத்தோடு ஓரமாகத்தான் நிற்கிறேன். இவன் வந்து என் தோளில் கைபோட்டு, சாப்பிட்டாச்சா அண்ணே என்பான். எனக்குப் பிடிக்காது. மறைப்பானேன், அவனையே எனக்குப் பிடிக்காது. ஆனால் அறிக்கையில் நான் ஓரவஞ்சனை செய்ததில்லை.

வலப்பக்கம் பாய்கிற அந்த முதல் எட்டு அவனுடைய பலம் என்று எழுதினேன். எதிராளி திரும்புவதற்குள் கூடைக்கு அடியில் நிற்பான். அடுத்தவன் கையிலிருக்கிற பந்தைத் தட்டிப் பறிப்பதிலும் கெட்டிக்காரன். தூரத்திலிருந்து எறிந்தால் நாலில் ஒன்றுதான் விழும், வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டான், மொத்த ஆட்டமும் இடது முழங்காலை நம்பியிருக்கிறது. இதெல்லாம் பலவீனம். கடைசி வரியில், ஆறு ஆட்டத்துக்குமேல் தாங்க மாட்டான், கேப்டன் ஆக்க வேண்டாம் என்று எழுதினேன்.

தர்மேந்திரன் அதை எல்லார் முன்னாலும் படித்தார். "ரஜீவ், உனக்கு வயித்தெரிச்சல் லா," என்றார். பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவனைக் கேப்டனாக்கினார்கள்.

ஜனவரியில் அந்த முழங்கால் வீங்கியது. ஸ்கேன் எடுத்தோம். அப்போது அவன் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்து விரதத்தில் இருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, கல்லுமலைக் கோயில்ல காவடி எறக்குற வரைக்கும் கெட்ட சேதி எதுவும் காதுல விழக்கூடாது. நல்லதா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா அப்புறமா சொல்லுங்க."

தோட்டத்து ஆட்கள்தான் இப்படிக் கேட்பார்கள். வேறு யாராக இருந்தாலும் ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை வாங்கிய கையெழுத்து என்னுடையதுதான், நீங்கள் காட்டவே வேண்டாம். ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆடவே கூடாது என்று போட்டிருந்தது. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒருவனுடைய விரதத்தை மதிப்பது தப்பா?

காவடி இறக்கிய மறுநாள் வந்து, இப்போது சொல்லலாம் அண்ணே என்றான். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. இந்த இடத்தில் நான் தயங்கினேன் என்று நீங்கள் எழுத விரும்பலாம். தயங்கவில்லை.

"ஒண்ணுமில்லடா, வெறும் வீக்கம்," என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முருகன் கைவிடவில்லை என்றான். பயிற்சியாளரிடமும் தலைவரிடமும் நான் அதையேதான் சொன்னேன்.

சீசன் தொடங்கியது. ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி. பாதி ஜவ்வை வைத்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தைப்பிங்கிலிருந்து ஜெயித்துத் திரும்பும்போது பஸ்ஸில் தர்மேந்திரன் என் பக்கம் திரும்பி, உன் ஆறு என்னாச்சு என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பவித்ரன் மட்டும் சிரிக்கவில்லை, அண்ணனை விடுங்கள் பாஸ் என்றான். எனக்காகப் பரிந்து பேச இவன் யார்?

அந்த வாரம் பயிற்சியைக் கொஞ்சம் மாற்றினேன். முழங்கால் கட்டு வேகத்தைக் குறைக்கிறது என்று கழற்றச் சொன்னேன். இடது காலில் மட்டும் தினம் அறுபது குதி. குதித்து இறங்கியதும் சட்டென்று வலப்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும். எல்லாம் எந்தக் கிளப்பிலும் கொடுக்கிற பயிற்சிதான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான், ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

ஆறாவது ஆட்டம் ஈப்போவில். மூன்றாவது கால்பகுதியில் எங்கள் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான், வெளியே எடுங்கள் என்று. இரண்டு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார். ஆடலாம் என்றேன், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்து வலப்பக்கம் பாய இடது காலை ஊன்றினான். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடப்பான் என்கிறார் டாக்டர். இனி ஆட மாட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவன் அம்மா மாரியம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்குத் தர்மேந்திரன் படித்த என் அறிக்கையை அவன் மறக்கவில்லை. படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்க ஒருத்தர்தாண்ணே வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க. அவங்க கேட்டிருந்தா என் காலு தப்பிச்சிருக்கும்."

ஸ்கேனை மறைத்ததும், பொய் சொன்னதும், ஆடலாம் என்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் சொன்னதையும் விடாமல் எழுதுங்கள், மிஸ். அந்தக் கிளப்பில் அவனைக் காப்பாற்றப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.