பதினேழாம் எண் தொண்டை

என் கையெழுத்து அழகாக இருக்கும். முடிவுச் சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். கல்லூரியின் விசாரணைக் குழு இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நானாகக் கேட்டு வாங்கவில்லை.

எங்கள் எம்.எஸ்ஸி. ஆய்வு எளிமையானது. மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் தொண்டை வலியோடு இருக்கும் பிள்ளைகளிடம் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுப்போம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தால் உடனே வீட்டுக்குச் சீட்டு, அரசு மருத்துவமனையில் பத்து நாள் மாத்திரை. கிருமி எங்களுக்கு, மாத்திரை அவர்களுக்கு. நியாயமான பங்கீடு.

அந்தக் கிருமியை நான் மதிக்கிறேன். அதையும் வைரஸ் தாக்கும். தாக்கிய வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுவுக்குள் சொருகி வைத்துக்கொள்ளும். புதிய துண்டு எப்போதும் வரிசையின் முன்னால். அதே வைரஸ் மறுபடி வந்தால் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்டிப்போடும். கிரிஸ்பர் என்பது இதுதான். நம் கல்லூரி கேட் செக்யூரிட்டிக்கு நான்கு வருடமாகியும் என் முகம் பழகவில்லை.

எல்லோரும் ஒரு தொண்டையில் ஒருமுறைதான் எடுக்கிறார்கள். ஒரே தொண்டையை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால், புதிய துண்டு சேர்வதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும். மாத்திரை போட்டால் இரண்டு நாளில் போய்விடும்.

பதினேழாம் எண் ஜைபா, ஒன்பது வயது. கிருமி வளர்க்கும் ரத்த அகர் தட்டில் அவளுடைய கிருமி வளர்ந்ததுபோல வேறு எவருடையதும் வளரவில்லை. சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல நன்றாக வந்தது.

அவள் அம்மா பேகம் அக்காவுக்குக் கையுறை தைக்கும் கம்பெனியில் வேலை. இரண்டாவது ஸ்வாபுக்குப் போனபோது மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையைக் காட்டினார்.

“தம்பி, எச்சி முழுங்கவே அழுவுறா. இதக் குடுத்துடட்டுமா?”

“வேணாம்க்கா. சாதா வைரஸ்தான். சும்மா சும்மா ஆன்டிபயாடிக் குடுத்தா, நெஜமா தேவைப்படும்போது வேலை செய்யாது.”

ஆன்டிபயாடிக் விழிப்புணர்வு வாரத்தில் இதே பேச்சுக்குத்தான் எனக்கு இரண்டாம் பரிசு. அக்கா அட்டையை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“நீயே வச்சுக்கோ. வூட்டுல இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது.”

அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

சந்தேகப்பட்டது ஜைபா மட்டும்தான்.

“ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டு எதுக்குண்ணா திரும்பத் திரும்ப வர்றீங்க?”

“இந்தத் தெருவுலயே உன் தொண்டைதான் நல்லா ஒத்துழைக்குது.”

“அப்ப அந்தக் குச்சில சாக்லேட்டாவது தடவிட்டு வாங்க.”

அடுத்த முறை சாக்லேட் வாங்கிப் போனேன். ஸ்வாப் எடுத்த பிறகுதான் கொடுத்தேன். மாதிரி கெட்டுவிடக் கூடாது.

அதற்குள் தொண்டை வலி தானாகவே போயிருந்தது. அக்கா எனக்கு நன்றி சொல்லி ஒரு டப்பா நிறைய சேமியா கொடுத்தனுப்பினார். கிருமி மட்டும் அங்கேயே இருந்தது.

ஆறாம் வாரம், நான்காவது ஸ்வாபுக்குப் போனபோது ஜைபா முழங்கால் வீங்கிப் படுத்திருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள்.

பிறகு மணிக்கட்டு வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அத்திப்பள்ளி தாண்டிப் போய்ப் பெங்களூரில் காட்டினார்கள். இதய வால்வு கசிகிறதாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, பல வருடங்களுக்கு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய அவள் உடம்பு, தன் வால்வையே கிருமி என்று நினைத்துத் தாக்கியிருக்கிறது. என் கிருமி ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் வெட்டாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

என் வழிகாட்டி மேகலா மேடம் ஆய்வேட்டைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பதினேழாம் நம்பருக்கு நெகட்டிவ்னு சீட்டு குடுத்திருக்க. அப்புறம் இந்த நாலு மாதிரியிலயும் கிருமி எங்கிருந்துப்பா வந்துச்சு?”

சீட்டை வேறு யாரோ எழுதினார்கள் என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதிரிகளிலும் அதே மூன்று துண்டுகள், அதே வரிசை. புதிதாக எதுவும் சேரவில்லை. ஆறு வாரம் போதாது போலிருக்கிறது.

பேகம் அக்காவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. முந்தாநாள் போன் செய்தார்.

“தம்பி, சின்னவன் ரிஹானுக்கும் தொண்ட வலி. இவள விட்டுட்டு எங்கயும் நகர முடியல. நீ வந்து பாத்துட்டுப் போயேன். நீ சொன்னா எனக்கு நிம்மதி.”

போனேன். இன்று காலை அவனுடைய தட்டைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருக்கிறது.

பொய்ச் சீட்டு எழுதியது நான்தான். தெரிந்தேதான் எழுதினேன். அது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ரிஹான் விஷயத்தில் அப்படி நடக்காது. அவன் சீட்டில் உண்மையைத்தான் எழுதுவேன், எட்டாவது ஸ்வாப் முடிந்ததும்.