வலை பிடிக்கிறவர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும்

சாயங்காலம் இருட்டுகிற நேரம். ஆற்றுக்குப் போகிற மண்பாதை... முன்னும் பின்னும் ஒரு வண்டி கிடையாது. ஒரு ஆளும் அவர் மகளும் மட்டும் நடக்கிறார்கள். வீட்டுக்கு அல்ல. திரும்பவும் ஆற்றுக்கு.

நாளைக்கு நீங்களும் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போகிறீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

அந்த ஆள் என் கூட்டாளியின் அக்கா வீட்டுக்காரர். பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் பூச்சி மாமா. லீவு நாளில் ஊரே தூங்கும். இவர் பிள்ளைகளை ஆற்றில் இறக்கி, எந்தக் கல்லுக்கடியில் என்ன புழு வாழ்கிறது என்று காட்டிக்கொண்டிருப்பார். சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை ஆட்டமா என்று அக்கா திட்டாத நாளில்லை.

முறை உங்களுக்குத் தெரியாது, கேளுங்கள். ஒருவர் தண்ணீர் வருகிற பக்கம் பார்த்து நின்று, பூட்ஸ் காலால் ஆற்றின் அடியை உதைத்துக் கலக்குவார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் வலை பிடிப்பார். கலங்கி வருகிற உயிரெல்லாம் வலையில் விழும். வலை பிடிக்கிறவர் ‘போதும்’ என்றால்தான் உதைக்கிறவர் நிறுத்த வேண்டும். இதில் பூச்சி மாமா ரொம்பக் கறார்.

அன்று மதியம் பிள்ளைகள் கடப்பாரை போட்டு ஒரு பெரிய கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒரு நத்தை இல்லை, ஒரு புழு இல்லை... கறுத்த சேறு மட்டும். துருப்பிடித்த இரும்பின் வாடை. அதற்குள் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப் போகப் பள்ளிப் பேருந்து வந்துவிட்டது. எல்லோரும் போன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. மகளோடு வீட்டுக்கு நடந்தவர் பாதி வழியில் திரும்பினார்.

"அப்பா, வீட்டுக்குப் போலாம்பா. கால் வலிக்குது."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம் கண்ணு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனிதர்.

மகளிடம் வலையைக் கொடுத்துப் பின்னால் நிறுத்திவிட்டு, கல் இருந்த குழியில் இறங்கி உதைத்தார். சளக்... சளக்... கொஞ்ச நேரம் கழித்துப் போதுமா என்று கேட்டார்.

"இன்னும்."

மகள் குரல்தான். உதைத்தார். காலடியில் மெத்தென்று இருந்தது. மக்கிய இலை என்று நினைத்தார்.

"இன்னும்."

ஏதோ மடக்கென்று முறிந்தது. சுள்ளி என்று நினைத்தார். காரணமே இல்லாமல் கோபம் வந்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலால் இடித்தார். இன்னும்... இன்னும்... என்றது குரல். அதில் சிரிப்பு இருந்தது. கால் வலிக்கிறது என்ற பிள்ளையா சிரிக்கிறாள்? அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

வலை தனியாகத் தண்ணீரில் நின்றது. பிடிக்க ஆளில்லை. வலை முழுக்கச் சிவப்பு. கீழே, அவருடைய பூட்ஸ் கயிற்றை ஒரு சின்னக் கை பிடித்திருந்தது.

மகளைத் தூக்கினார். முன்பல் இல்லை. தாடை தொங்கியது. உயிர் மட்டும் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு அந்த மண்பாதையில் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், பிறகு பூச்சி மாமாவின் காலைப் பார்த்தார். கழுத்திலும் முகத்திலும் அந்த பூட்ஸின் அச்சுதான். அக்கா அவரைச் சட்டையோடு பிடித்து அறைந்தாள். போலீஸ் பூட்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப் போனது.

"அவதான் இன்னும்னு சொன்னா..."

அன்றைக்கு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்; மீதியெல்லாம் பிறகு சொன்னது. யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. பெற்ற பிள்ளையை மிதித்தவன் என்று காறித் துப்பினேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தாடையைக் கம்பியால் இறுக்கி வாயைக் கட்டியிருந்தார்கள். மூக்கில் குழாய் வைத்துப் பால். முனகத்தான் முடியும். ராத்திரி துணைக்குத் தாய்மாமன், அதாவது என் கூட்டாளி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தான். செருப்பை அறைவாசலிலேயே விட்டுவிட்டான்.

எதற்கோ விழிப்பு வந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை. எங்கேயோ சொட்டுகிற தண்ணீர். எழுந்து நின்று பார்த்தான். பிள்ளை கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கம்பி கட்டிய வாய் அசையவில்லை. ஆனாலும் அவள் குரல் கேட்டது.

"இன்னும்."

என்ன கண்ணு என்று கிட்டே போகப் பார்த்தான். போக முடியவில்லை... அவன் வலது கால் கட்டிலுக்கு மேலே ஓங்கி நின்றது.

வெறுங்காலோடு படுத்தவன். இப்போது அந்தக் காலில் ஒரு பூட்ஸ் இருந்தது. ஈரமாக.